ரங்கூன் ஏரியை நாங்கள் அடைத்த மத்தியானம்

1

அன்று ஏரிக்கரைக்குப் போனவர்கள்:

நான், கோவிந்தசாமி. ஊர் பருத்திப்பட்டு. ரங்கூன் வந்து அரிசி மில்லில் மூட்டை தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு பாய்லருக்கு உமி தள்ளுகிறேன்.

என் பெண்சாதி பட்டம்மா. அவளுக்கும் பருத்திப்பட்டுதான். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

என் மகள் கன்னியம்மா. இங்கே பிறந்தவள். நான் வேலை செய்யும் மில்லிலேயே கோணி தைக்கிறாள். ஊரைப் பார்த்ததில்லை.

முனுசாமி. திருமழிசைக்காரர். டிராம் கொட்டகையில் வேலை. பெண்சாதி இல்லை, காலமாகிவிட்டாள்.

அவர் மகன் ஏழுமலை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவன். அப்பாவோடு கொட்டகையில் கம்பி வேலை செய்கிறான்.

இவ்வளவு பேர்தான்.

2

இன்று மில்லில் பாய்லர் நின்றுவிட்டது. போன வருஷமும் இதே பங்குனியில்தான் நின்றது. மேஸ்திரி வந்து, "எல்லாரும் ஊட்டுக்குப் போங்கோ, நாளைக்கு வாங்கோ" என்றார். மத்தியானம் கைக்கு வந்திருக்கிறது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதக் கப்பலில் வேலப்பன்சாவடி ஆள் ஒருவர் வந்து இறங்கினார். எங்கள் கூலி லைனில் இரண்டு நாள் தங்கினார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணாத்தே, கோச்சிக்காதே. உன் பொண்ணப் பத்தி அங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்கோ."

"இன்னான்னு?"

"யாரோ பர்மாக்காரனோட போயிட்டான்னு. அதான் நீ ஊருக்கு அனுப்பலன்னு."

பட்டம்மா கரண்டியோடு வந்தாள். அவர் சட்டென்று பேச்சை மழைக்கு மாற்றிவிட்டார்.

ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும். முக்கியமாக என் அக்காவுக்கு. எனக்கு நீளமாக எழுத வராது.

3

அக்கா பருத்திப்பட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு மகன். கன்னியம்மாவுக்கு வயது வந்ததிலிருந்து ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் எல்லாம் அக்கா ஒன்றையே சொல்லி அனுப்பினாள். பொண்ணைக் கொண்டுவந்து விடு, என் பிள்ளைக்குக் கட்டிக்கொள்கிறேன் என்று.

தப்பில்லை. முறைதான். இங்கே எங்கள் ஜனத்தில் பையன்கள் குறைவு. இருக்கிறவர்களும் ஊருக்குப் போய்ப் பெண் கட்டிக்கொண்டு வருகிறார்கள். இங்கே வளர்ந்த பெண்ணைக் கண்டால் யோசிக்கிறார்கள். லுங்கி கட்டுகிறாள், பர்மி பேசுகிறாள், வாய் விட்டுச் சிரிக்கிறாள் என்பார்கள். என் பெண் இந்த மூன்றும் செய்வாள்.

பட்டம்மா சரி என்றாள். நானும் சரி என்றேன். கன்னியம்மா கோணி ஊசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் புள்ள யாரு?"

"அத்த புள்ளடி."

"அத்தையே யாருன்னு எனக்குத் தெரியாதே."

"போனா தெரிஞ்சிக்கிற."

"போனப்புறம் தெரிஞ்சிகினு இன்னா பண்றது? நடுவுல கடல் கீது."

அதற்கு மேல் அவள் சண்டை போடவில்லை. ஆனால் சோற்றைக் குறைத்தாள். இரண்டு கை சாப்பிடுகிறவள் ஒரு கை சாப்பிட்டாள். எங்கள் வீட்டில் குறைவாகப் பேச நான் ஒருவன் போதும். அவளும் சேர்ந்துகொண்டாள்.

சித்திரைக் கப்பலுக்குப் பேர் கொடுக்கக் கம்பெனி ஆபீசுக்கு அவளைக் கூட்டிப் போனேன். அங்கே அம்மை குத்தினதற்குத் தழும்பு பார்த்தார்கள். பிறகு குமாஸ்தா கேட்டார். நம்மவர்தான், சட்டை போட்டவர்.

"பொறந்த ஊரு?"

"ரங்கூன்."

"இந்தியாவுக்குத் திரும்பிப் போறதா?"

"ஆமாம்."

"இங்க பொறந்தவ எப்படிய்யா திரும்பிப் போவா? போனவங்கதான் திரும்புவாங்க. புதுசாப் போறான்னு எழுதட்டுமா?"

நான் யோசித்தேன். அவர் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை நின்றது. கன்னியம்மா என் முகத்தையே பார்த்தாள். நாளைக்கு வந்து சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். இதற்கு ஒரு நாள் யோசிக்க வேண்டுமா என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

நான் இங்கே வந்தபோது இப்படித்தான். ஊர் என்ன என்றார்கள். பருத்திப்பட்டு என்றேன். எழுதுகிறவருக்கு அது பிடிபடவில்லை. பக்கத்தில் என்ன என்றார். ஆவடி என்றேன். அதுவும் தெரியவில்லை. பூந்தமல்லி என்றேன். கடைசியில் மதராஸ் என்று எழுதிக்கொண்டு தள்ளிவிட்டார். அன்றைக்கு நான் கவலைப்படவில்லை.

ஆபீசிலிருந்து வந்த மறுநாள், அம்மன் கோயிலில் பட்டம்மா முனுசாமியைப் பார்த்தாள். மகனுக்குப் பெண் தேடுகிறார் என்று கேள்விப்பட்டாள். எங்கள் ஜனம்தான். பேசிப் பார்த்தாள். பார்க்கலாம் என்றாராம். ஆனால் ஊருப் பொண்ணு மாதிரி இருக்கணும் என்றாராம்.

பட்டம்மா வீட்டுக்கு வந்து தீர்ப்பு சொன்னாள்.

"முனுசாமி அண்ணாத்தே சரின்னா இங்க. இல்லன்னா சித்திரக் கப்பலு. அதோட பேச்சு முடிஞ்சிது."

கன்னியம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

4

பெண்ணை எங்கே வைத்துக் காட்டுவது என்பதுதான் கஷ்டம். எங்கள் லைனில் ஓர் அறைக்கு ஒரு குடும்பம். அறை அகலம் நான் கையை நீட்டினால் முடிந்துவிடும். வந்தவர்கள் உட்கார்ந்தால் பெண் நிற்க இடம் இராது. முனுசாமி இருப்பது கொட்டகை ஓரத்தில் பத்து ஆண்கள் படுக்கிற ஹாலில்.

அந்த நேரத்தில்தான் பாய்லர் நின்றது. முனுசாமிக்கும் மகனுக்கும் அன்று ராத்திரி முறை. பகல் சும்மா. பட்டம்மா அரை மணியில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். ஊர் நடுவில் இருக்கும் பெரிய ஏரிக்கரைக்குப் போவது. காற்று வரும். காசு கேட்க மாட்டார்கள். பார்த்தது போலவும் இருக்கும், பார்க்காதது போலவும் இருக்கும்.

டிராமில் போனோம். முனுசாமி கொட்டகைக்காரர் என்பதால் கண்டக்டர் வணக்கம் சொன்னார். முனுசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். புது மேல்துண்டு போட்டிருந்தார்.

நீங்கள் ரங்கூனைப் பார்த்ததில்லை. மில் பக்கம் எல்லாம் தவிடும் தூசியும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். தெருவில் கூட்டம், சத்தம், வெயில். அங்கிருந்து டிராம் திரும்பித் திரும்பிப் போய் ஓர் இடத்தில் இறக்கிவிடும். பத்தடி நடந்தால் சத்தம் நின்றுவிடும். யாரோ கதவைச் சாத்தின மாதிரி. தூங்குமூஞ்சி மரங்கள் வரிசையாக. நிழல் நிழலாகப் புல். அதற்கு அப்பால் ஏரி. ஏரிக்கு அப்பால் பர்மாக்காரர்களின் தங்கக் கோபுரம். அது தண்ணீருக்குள்ளும் தெரியும்.

இத்தனை வருஷத்தில் நான் அங்கே போனது அன்றுதான் முதல் தடவை. பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. கன்னியம்மா மில் பெண்களோடு போயிருக்கிறாள். அவள்தான் வழி காட்டினாள்.

காற்று வந்தது. பட்டம்மா முந்தானையைப் பிரித்து முகத்தைக் காட்டி நின்றாள். "இன்னாமா வீசுது பாரு. நம்ம ஏரி மாதிரி" என்றாள். எதைப் பார்த்தாலும் அவளுக்கு நம்ம ஊரு மாதிரிதான். எனக்கு அப்படி இல்லை. இது வேறு ஏரி. இதில் துரைமார் படகு ஓட்டுகிறார்கள். நம் ஏரியில் எருமை படுத்திருக்கும். இரண்டும் நல்லதுதான்.

பட்டம்மா கொண்டுவந்த கோணியை விரித்தாள். உட்கார்ந்தோம். வாத்துகள் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயின.

5

முனுசாமி தொண்டையைக் கனைத்தார்.

"பேரு இன்னாம்மா?"

"கன்னியம்மா."

"மில்லுல வேற பேரு சொல்லிக் கூப்புடறாங்களாமே?"

"மா கின்னுவாங்கோ."

"ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"நா வெச்சிக்கல. அவங்கோ வாயில கன்னியம்மா நுழையல. அதான் பாதி எட்துகினாங்கோ."

பட்டம்மா மகளின் தொடையில் கிள்ளினாள். நான் பார்த்தேன். முனுசாமியும் பார்த்தார்.

"மீன் கொயம்பு வெப்பியா?"

"வெப்பேன். ங்கப்பி போட்டு."

ங்கப்பி என்பது மீனை உப்புப் போட்டு நசுக்கி ஊறவைப்பது. பர்மாக்காரர்களுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. வாசம் பழக வேண்டும். முனுசாமி பழகவில்லை போலிருக்கிறது. கண்ணை மூடித் திறந்தார்.

"மதகுன்னா இன்னான்னு தெரியுமா?"

"ஏரில தண்ணி உடற எடம்."

"பாத்துகீறியா?"

"இல்ல. எங்கம்மா சொல்லும்."

"மட, வாய்க்கா, கலங்கலு?"

"எல்லாம் சொல்லும். மழ பேஞ்சா போதும், ஆரம்பிச்சிடும்."

ஏழுமலை ஒரு புல்லைப் பிடுங்கிப் பல்லில் வைத்துக்கொண்டு ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மொகிங்கா, அதாவது மீன் சாறு ஊற்றின இடியாப்பம், விற்கிற கிழவி தோள்கம்பை ஆட்டிக்கொண்டு வந்தாள். கன்னியம்மாவை அவளுக்குத் தெரியும் போல. இருவரும் பர்மியில் என்னவோ பேசினார்கள். கிழவி ஏழுமலையைக் காட்டி ஏதோ சொன்னாள். கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தியும் சத்தம் வந்துவிட்டது. அவள் சிரிப்பு அப்படி. ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

முனுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கோவிந்தசாமி, தப்பா நெனைக்காதே. பொண்ணு நல்ல பொண்ணுதான். வேலக்காரி. ஆனா நம்ம ஊட்டுக்கு ஆவாது."

"ஏன்?"

"என் புள்ள திருமழிசைல பொறந்தவன். நா அவன ஊருப் புள்ளயா வளத்துகீறேன். நாளைக்கு ஊருக்குப் போனா இந்தப் பொண்ணக் காட்டி, இதான் என் மருமவள்னு சொல்ல முடியுமா? கண்ண மூடிகினு கேட்டா பர்மாக்காரி பேசற மாதிரி கீது."

பட்டம்மா தூரத்திலிருந்து என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கன்னியம்மாவும். அவள் எழுந்து போய்த் தண்ணீர் ஓரம் நின்றாள். கிழவியிடம் வாங்கின கிண்ணம் கையில் அப்படியே இருந்தது.

6

முனுசாமி புகையிலையைத் துப்பக் கரையின் மறுசரிவுக்குப் போனார். போனவர் நின்றார். குனிந்தார். பிறகு கத்தினார்.

"ஐயோ, தண்ணி போவுது! கோவிந்தசாமி, கரை போவுதுடா! ஓடியா!"

இங்கே நம் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான். இங்கே உள்ளவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஏரிக்கரையில் நண்டு வளை இருக்கும், எலி வளை இருக்கும். தண்ணீர் அதில் நுழைந்தால் முதலில் விரல் கனம் கசியும். அப்புறம் கை கனம். அப்புறம் கரையே போகும். கரை போனால் அந்த வருஷம் சோறு இல்லை. அதனால் கசிவைக் கண்டவன் அடைக்க வேண்டும். யார் ஏரி, யார் நிலம் என்று கேட்கக் கூடாது. கல்யாண வேட்டி கட்டியிருந்தாலும் இறங்க வேண்டும். குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். ஒரு தடவை பருத்திப்பட்டுக் கரையில் ஆவடி வண்டிக்காரர் ஒருவர் குரல் கேட்டு வண்டியை விட்டுவிட்டுக் குதித்தார். முன்பின் தெரியாத ஆள். அடைத்து முடித்து ஏறிப் பார்த்தால் வண்டியைக் காணோம். மாடு அதுபாட்டுக்குப் பூந்தமல்லிப் பக்கம் போய்விட்டது. அவரைப் பைத்தியக்காரன் என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஓடினேன். பார்த்தேன். சரிவில் புல்லுக்கு அடியிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டுகிறது. தொடை கனம் இருக்கும். மதகு என்றால் இரண்டு கல் தூண் தண்ணீரில் நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். இங்கே தூணும் இல்லை, கல்லும் இல்லை. மதகு இல்லாத இடத்தில் தண்ணீர் வந்தால் அது உடைப்புதான்.

"உள்ள எங்க வாயின்னு பாரு!" என்றார் முனுசாமி. வெளிப்பக்கம் அடைத்தால் நிற்காது. உள்பக்கம்தான் அடைக்க வேண்டும். அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். மார்பு அளவு தண்ணீர். காலால் துழாவினார்.

"இஸ்குது! இங்க இஸ்குதுடா! வளை பெருசாயிடுச்சி. தழை கொண்டா!"

பட்டம்மா எப்போது எழுந்தாள் என்று தெரியாது. கோணியை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். நான் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிக் கோணியில் திணித்தேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு சேற்றை வாரி வாரிப் போட்டாள். முனுசாமி மூச்சைப் பிடித்து முங்கி, கோணியை வாயில் வைத்து மிதித்தார். போதவில்லை. தன் புது மேல்துண்டைச் சுருட்டித் திணித்தார். என் துண்டையும் கேட்டார். கொடுத்தேன். மூன்று பேரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

முனுசாமி தலையைத் தூக்கினார். கரைமேல் ஏழுமலையும் கன்னியம்மாவும் நின்றிருந்தார்கள்.

"டேய், இன்னாடா மரம் மாதிரி நின்னுகினு கீற? குதிடா!"

"இன்னாத்துக்கு நைனா?" என்றான் ஏழுமலை.

"தண்ணி போவுதுடா!"

"போனா போவட்டுமே. மழ வந்தா ரொம்பிக்கும். சர்க்காரு ஏரிதானே?"

முனுசாமி மார்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார். மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. மகனை யாரோ வேற்று ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஏழுமலை வேண்டுமென்றே அப்படிச் சொல்லவில்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பக்கத்தில் இருந்த கன்னியம்மாவிடம் பர்மியில் என்னவோ கேட்டான். அவள் பர்மியில் என்னவோ சொன்னாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிப்பும் கொஞ்சம் சத்தம்தான். அன்று அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசின முதல் பேச்சு அது.

தண்ணீர் நின்றது. நானும் பட்டம்மாவும் கரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினோம். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

7

மூன்று பேர் ஓடிவந்தார்கள். முன்னால் தோட்டக்காரர்களுக்கு மேல் உள்ள பெரிய மாலி. பர்மாக்காரர், வயதானவர், கையில் கடப்பாரை. பின்னால் இரண்டு ஆள்கள். கத்தின கத்தில் வாத்துகள் நடு ஏரிக்குப் போய்விட்டன.

எனக்கு மில் பர்மி தெரியும். தூக்கு, இறக்கு, எடை, சீக்கிரம், நாலைந்து வசவு. அவர் சொன்னதில் வசவு எல்லாம் புரிந்தது. மீதியில் பாதி புரிந்தது. நாங்கள் அடைத்தது குழாயின் வாய். கீழே தாமரைக் குளத்துக்கும் பூச்செடிக்கும் அதில்தான் தண்ணீர் போகிறது. மறுநாள் யாரோ பெரிய துரை தோட்டம் பார்க்க வருகிறார். இப்போது செடிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. ஆபீசுக்கு நட, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நட.

முனுசாமி சேறு சொட்டச் சொட்ட எழுந்து தமிழில் கத்தினார். "யோவ், உங்க ஏரியக் காப்பாத்திகீறோம்யா! ஒரு கும்புடு போட மாட்டியா?"

மாலி கடப்பாரையை ஊன்றினார்.

முனுசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷனில் இரவு தங்கினால் கொட்டகையில் வேலை போகும். அவருக்கும் போகும், மகனுக்கும் போகும். குரல் இறங்கிவிட்டது. "இன்னா கோவிந்தசாமி, நீ ஏதாச்சும் பேசேன்" என்றார். என்னிடம் இருந்தது மூட்டைப் பேச்சு. அதை வைத்து என்ன பேசுவது?

கன்னியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். மாலிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஊலே" என்றாள். மாமா என்று அர்த்தம். பிறகு பேசினாள். நீளமாகப் பேசினாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. மாலி இரண்டு தடவை குறுக்கே கத்தினார். பிறகு குறுக்கே கேட்டார். அவள் எங்களைக் காட்டினாள், தன் வயிற்றைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள். மாலி எங்கள் மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பட்டம்மாவின் சேற்றுப் புடவையில் கண் நின்றது. பிறகு சிரித்துவிட்டார். ஆள்களும் சிரித்தார்கள்.

"இன்னா சொன்ன?" என்றாள் பட்டம்மா.

"எங்க நைனா ஊருல ஆறு கெடையாது. ஏரிதான். அது போச்சுன்னா வருஷம் பூரா சோறு கெடையாது. அதால ஓடற தண்ணியப் பாத்தா இவங்களால சும்மா குந்த முடியாது. கிறுக்கு இல்ல, வழக்கம். அப்டின்னேன்."

"நீதான் ஊரப் பாத்ததே இல்லியேடி. உனக்கு எப்டித் தெரியும்?"

"நீதான் தெனம் சொல்லிகினு கீறியே."

முனுசாமி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீஸ் வேண்டாம், அடைத்ததை எடுத்துவிட்டுப் போங்கள் என்றார் மாலி. அதுதான் நடக்கவில்லை. முனுசாமி மிதித்த மிதி அப்படி. அவரே முங்கி இழுத்தார். வரவில்லை. மாலியின் ஆள்கள் இழுத்தார்கள். வரவில்லை. கடைசியில் ஏழுமலை சட்டையைக் கழற்றிக் கன்னியம்மா கையில் கொடுத்துவிட்டு, கடப்பாரையோடு இறங்கினான். அடைக்க இறங்காதவன் திறக்க இறங்கினான்.

"மெதுவாடா! துண்டு புதுசுடா!" என்றார் முனுசாமி கரையிலிருந்து.

குத்தினான், நெம்பினான். ஒரு சத்தம் கேட்டது. அடைத்தது எல்லாம் குழாயில் புகுந்து மறுபக்கம் பீச்சிக்கொண்டு போனது. மேல்துண்டு பாம்பு மாதிரி வாய்க்காலில் நெளிந்துகொண்டு தாமரைக் குளத்தைப் பார்க்கப் போயிற்று. கன்னியம்மா சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். பிடித்துவிட்டாள்.

8

மாலி தன் குடிசைக்குக் கூப்பிட்டார். பால் இல்லாத தேத்தண்ணீர் கொடுத்தார். ஈரத்துக்கு நன்றாக இருந்தது. மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து குடித்தோம். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை.

மாலி கன்னியம்மாவையும் ஏழுமலையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். கன்னியம்மா கோப்பைக்குள் பார்த்தாள். ஏழுமலை காது சிவந்துவிட்டது.

"இன்னா கேக்குறாரு?" என்றார் முனுசாமி.

மூட்டைப் பேச்சு என்றாலும் இது எனக்குப் புரிந்தது. அன்று நான் அதிகமாகப் பேசினது இதுதான்.

"இவங்க ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதியான்னு கேக்குறாரு" என்றேன்.

கன்னியம்மா தலை நிமிரவில்லை. முனுசாமி தேத்தண்ணீரை ஊதினார். ஒரு வாய் குடித்தார். மகனைப் பார்த்தார். அவன் தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிழிந்த மேல்துண்டு கன்னியம்மாவின் மடியில் இருந்தது.

"இன்னும் இல்லன்னு சொல்லும்மா" என்றார்.

பர்மியில் அதற்குச் சின்ன வார்த்தைதான். அதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டிராமில் முனுசாமி என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஈரமும் சேறுமாக இருந்ததால் மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கண்டக்டர் இந்தத் தடவை வணக்கம் சொல்லவில்லை. அடையாளம் தெரியவில்லை போல.

"இன்னாத்துக்கு நைனான்னு கேட்டுட்டான் பாத்தியா?" என்றார்.

"ம்."

"அப்பால நா எந்த ஊருப் பொண்ணப் போய்த் தேடறது? நம்ம ரெண்டு பேருதான் ஊரு. அதுங்க இல்ல."

"ம்."

"வர்றவ இவன வெச்சிகினு பேஜாராயிடுவா."

முன் பெஞ்சில் பட்டம்மா மகளிடம் கிசுகிசுவென்று கேட்டாள். அவள் கிசுகிசு டிரைவருக்கும் கேட்கும்.

"உனக்கு இஷ்டமாடி?"

"இஷ்டம் இல்லன்னா நா அந்தத் தாத்தாகிட்ட வேற எதுனா சொல்லிருப்பேன். உங்களுக்குத் தெரியவா போவுது?"

அன்று ராத்திரி இரண்டு கை சாப்பிட்டாள்.

9

மறுநாள் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். அதே குமாஸ்தா. "யோசிச்சாச்சா? திரும்பிப் போறதா, புதுசாப் போறதா?" என்றார். போகவில்லை என்றேன். அந்தப் பதில் அவருக்குச் சுலபமாக இருந்தது. பேரை அடித்துவிட்டார்.

அக்காவுக்கு அப்போதே சொல்லி அனுப்பினேன். போனவர் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ. கடல் தாண்டுகிறபோது சொல் மாறிவிடுகிறது. அக்கா மகனுக்கு இதற்குள் நல்ல இடம் அமைந்திருக்கும் என்று நம்புகிறேன். அமைந்தால் என் பேரைச் சொல்லி ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கவும்.

கன்னியம்மா இப்போது டிராம் கொட்டகைப் பக்கம் குடியிருக்கிறாள். லுங்கிதான் கட்டுகிறாள். முனுசாமியும் மகன், மருமகளோடு இருக்கிறார். ங்கப்பி போட்ட குழம்புக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார், பிறகு இன்னொரு கரண்டி கேட்கிறார் என்று பட்டம்மா சொல்லிச் சிரித்தாள். ஏழுமலையிடம் நண்டு வளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொடுக்கப் பார்த்தாராம். அவன் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டானாம்.

ஆகவே ஊரில் பேசுகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். என் பெண் யாரோடும் போகவில்லை. பெற்றவர்கள் கூட்டிப் போய்க் காட்டினோம். பையனைப் பெற்றவர் தன் வாயால் சொன்னார். வைகாசியில் இங்கே அம்மன் கோயிலில், பகலில், மேளம் வைத்துத் தாலி கட்டியது. கண்ணால் பார்த்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். இலையைப் பட்டம்மா எண்ணினாள்.

அறுபத்திரண்டு.